டிகிரி யாருக்கு, எவ்வளவு பெறும்?

எழுதப் படிக்கத் தெரியாத இந்திய இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 3.4 சதவீதம். பட்டம் வாங்கிய இளைஞர்களில் 29.1 சதவீதம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் இருக்கும் கணக்கு இது. 2022-ஆம் ஆண்டின் நிலவரம். இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ‘அப்புறம் எதுக்குப் படிக்கணும்?’ என்றுதான் கேட்கத் தோன்றும். பிளஸ் டூ ரிசல்ட் வந்து, எந்தக் கல்லூரி, எவ்வளவு ஃபீஸ் என்று வீட்டில் பேச்சு ஓடும் நாட்களில் இன்னும் அதிகமாகத் தோன்றும்.

ஆனால் இந்த எண்கள் சொல்வது வேறு. புள்ளிவிவரக்காரர்களின் கணக்கில் வேலையில்லாதவர் என்றால் வேலை இல்லாமல் இருந்து, அதே சமயம் வேலை தேடிக்கொண்டும் இருப்பவர். படிக்காத ஏழை இளைஞனுக்குத் தேடிக்கொண்டே இருக்க வசதி கிடையாது. இன்று சித்தாள் வேலை, நாளை லோடு ஏற்றும் வேலை, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டால்தான் அடுப்பு எரியும். கணக்கெடுப்பாளர் வந்து கேட்கும்போது அவன் வேலையில் இருப்பவன். பி.ஏ. முடித்தவரோ வீட்டில் சாப்பாடு கிடைக்கும் வரை காத்திருக்கிறார். குரூப் 2, பேங்க் எக்ஸாம், சென்னையில் ஒரு மேன்ஷன் அறை, கோச்சிங் சென்டர் என்று இரண்டு மூன்று வருடம் ஓடுகிறது. அவர் வேலையில்லாதவர். ஆக 3.4 சதவீதம் என்பது படிக்காதவர்களின் செழிப்பு அல்ல. சும்மா இருக்க முடியாத நிலை.

அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை இதன் அடுத்த பாதியைச் சொல்கிறது. 25 வயதுக்குக் கீழே உள்ள பட்டதாரிகளில் வேலையின்மை 42 சதவீதம். 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளில் 5 சதவீதத்துக்கும் கீழ். தேடுபவர்களில் பெரும்பாலோர் எப்படியோ ஒரு வேலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். என்ன வேலை, என்ன சம்பளம், அவ்வளவு காலம் காத்திருந்ததற்குத் தகுமா என்பவைதான் கேட்கவேண்டிய கேள்விகள்.

முதலில் சம்பளம். ஒரு டைல்ஸ் மேஸ்திரியோ, ஏசி மெக்கானிக்கோ, ஜேசிபி ஆபரேட்டரோ 22 வயதில் சம்பாதிப்பது அதே வயது பி.எஸ்சி. பட்டதாரியின் முதல் சம்பளத்தைவிட அதிகமாக இருக்கலாம். பெரும்பாலும் இருக்கிறது. இதைக் காட்டித்தான் சித்தப்பாக்கள் விவாதத்தை முடித்துவைப்பார்கள். அவர்கள் பார்ப்பது ஒரு வருடத்துச் சம்பளத்தை. 45 வயதில் என்ன ஆகிறது என்று பார்த்தால் படம் மாறும். உடம்பை வைத்துச் செய்யும் வேலையில் வருமானம் சீக்கிரம் உச்சிக்குப் போய் நின்றுவிடுகிறது. முதுகும் முழங்காலும் போனால் இறங்குகிறது. மழை மாதத்தில் வேலை கிடையாது. பி.எஃப். கிடையாது, இஎஸ்ஐ கிடையாது, விபத்து நேர்ந்தால் அன்றோடு வரும்படி நின்றது. பட்டதாரியின் சம்பளம் தாழ்வாகத் தொடங்கினாலும் இருபது, இருபத்தைந்து வருடம் ஏறிக்கொண்டே போக வழி இருக்கிறது. வழி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன், எல்லோருக்கும் ஏறுவதில்லை.

உலக நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த பொருளாதார அறிஞர்கள், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடமும் சராசரியாக சுமார் 9 சதவீதம் வருமானத்தைக் கூட்டுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்களுக்கு அது ஆண்களைவிட அதிகம். அமெரிக்காவில் 2023-ல் பள்ளிப்படிப்போடு நின்ற முழுநேரத் தொழிலாளியின் நடுநிலை வாரச் சம்பளம் 899 டாலர், இளநிலைப் பட்டதாரிக்கு 1,493 டாலர். இந்தியாவிலும் மாதச் சம்பளம் தரும் நிரந்தர வேலையில் இருப்பவர்களின் விகிதம், மற்றவர்களைவிடப் பட்டதாரிகளிடையே மிக அதிகம். எனவே ‘பட்டத்துக்கு மதிப்பே இல்லை’ என்பது தரவுகளோடு ஒட்டாத பேச்சு.

ஆனால் சராசரி என்பது ஏமாற்றுக்காரன். அந்தச் சராசரிக்குள் ஐஐடியில் படித்தவரும் இருக்கிறார், ஏழு அரியரோடு வெளியே வந்தவரும் இருக்கிறார். அதோடு, படித்ததால்தான் சம்பளம் கூடியதா, எப்படியும் சம்பாதிக்கக் கூடியவர்கள்தான் படித்தார்களா என்ற சிக்கலும் உண்டு.

இங்கே இரண்டு பொருளாதார அறிஞர்கள் எதிரெதிராக நிற்கிறார்கள். கேரி பெக்கர் 1964-ல் எழுதிய மனித மூலதனம் பற்றிய நூலில், படிப்பு ஆளின் திறனைக் கூட்டுகிறது, அந்தத் திறனுக்குத்தான் முதலாளி கூடுதல் சம்பளம் தருகிறார் என்றார். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில் வேறொன்றைச் சொன்னார். வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு எதிரே நிற்கும் நூறு பேரில் யார் நல்ல ஆள் என்று தெரியாது. நாலு வருடம் ஓர் இடத்தில் உட்கார்ந்து, பிடிக்காத பாடத்தையும் படித்து, தேர்வுகளைத் தாண்டி வந்தவர் இங்கேயும் தாக்குப்பிடிப்பார் என்று ஓர் ஊகம் செய்கிறார். பட்டம் அதற்கான அடையாளம். உள்ளே என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பது இரண்டாம் பட்சம். இருவருக்குமே நோபல் பரிசு கிடைத்தது, பெக்கருக்கு 1992-ல், ஸ்பென்ஸுக்கு மற்ற இருவரோடு சேர்த்து 2001-ல். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு என்பதற்கு அதுவே சாட்சி என்று வைத்துக்கொள்ளலாம். சென்னை ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் பல வருடங்களாக மெக்கானிக்கல், சிவில், ஈசிஇ என்று எல்லாத் துறை இன்ஜினியர்களையும் அள்ளிக்கொண்டுபோய் மூன்று மாதம் ட்ரெய்னிங் கொடுத்து கோடு எழுதவைத்ததைப் பார்த்தவர்களுக்கு ஸ்பென்ஸ் சொன்னது தனியாக விளக்கத் தேவையில்லை. பாலம் கட்டப் படித்தவர் பேங்க் சாஃப்ட்வேருக்குத் தேவைப்பட்டது பாலத்துக்காக அல்ல.

அடையாளம் என்பதில் ஒரு வம்பு இருக்கிறது. எல்லோரிடமும் இருந்தால் அது அடையாளமாக இருப்பது நின்றுபோகும். உயர்கல்வி பற்றிய மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. கல்லூரி வயதில் இருப்பவர்களில் பாதிப்பேரை நெருங்கும் அளவுக்கு உள்ளே கொண்டுவந்த பெரிய மாநிலம் வேறில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அதன் மறுபக்கம், வேலைக்கு ஒரு பட்டம் போதும் என்ற நிலை போய், அதே வேலைக்கு இன்னும் பெரிய பட்டம் கேட்கும் நிலை வந்தது. தாத்தா காலத்தில் எஸ்எஸ்எல்சி போதும் என்றிருந்த மேசைக்கு இன்று பி.காம். கேட்கிறார்கள். செய்யும் வேலை பெரிதாக மாறவில்லை.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 இதை அப்பட்டமாகக் காட்டும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகள். குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. 2024-ல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பட்டதாரிகள், இன்ஜினியர்கள், முதுநிலை முடித்தவர்கள் என்று எல்லோரும் அந்த வரிசையில் உண்டு. பத்தாவது மட்டும் படித்த ஒருவர் இவர்களோடு அதே வினாத்தாளில் மோதவேண்டும். சட்டப்படி அந்த வேலைக்குப் பட்டம் தேவையில்லை. நடைமுறையில் பட்டமில்லாதவருக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. பட்டத்தின் மதிப்பு குறையக் குறைய, பட்டம் இல்லாமல் இருப்பதன் நஷ்டம் கூடிக்கொண்டே போகிறது. இந்த முரணைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்தது போல.

சரி, எவ்வளவு செலவு செய்து அந்தக் கதவைத் திறப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், அவரவர் வீட்டு எண்களைப் போட்டுக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு லட்சம் ஃபீஸ் உள்ள தனியார் கல்லூரியில் பி.இ. நாலு லட்சம் கல்விக்கடன், வட்டி 10 சதவீதம். நாலு லட்சம் வரை பிணை கேட்கமாட்டார்கள் என்பதால் பல குடும்பங்கள் இந்த எல்லையிலேயே நிற்கின்றன. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் வட்டி தூங்காது. முதல் வருடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதுக்கு நாலு, அடுத்து மூன்று, அடுத்து இரண்டு. தனி வட்டியாகவே கணக்கிட்டாலும் 1.4 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 5.4 லட்சம். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் ஏறத்தாழ 7,100 ரூபாய்.

பெரும்பாலான வீடுகளில் கணக்கு இதோடு நின்றுவிடுகிறது. நிற்கக் கூடாது. அந்த நாலு வருடமும் பையன் வேலைக்குப் போயிருந்தால்? மாதம் 12,000 என்று வைத்தால் 5.76 லட்சம் வந்திருக்கும். அதையும் சேர்த்தால் படிப்பின் உண்மையான விலை 11 லட்சத்துக்கு மேல். இப்போது வரவு. படித்து வந்தவருக்கு மாதம் 25,000, பிளஸ் டூவோடு வேலைக்குப் போன கூட்டாளி அதற்குள் 17,000-க்கு வந்திருக்கிறான் என்றால் வித்தியாசம் 8,000. வருடத்துக்கு 96,000. போட்ட பணம் திரும்ப பதினோரு வருடத்துக்கு மேல் ஆகும். அதே படிப்புக்கு 42,000 சம்பளம் கிடைத்தால் நாலு வருடத்துக்குள் தீர்ந்துவிடும். வேலையே கிடைக்காமல் இரண்டு வருடம் வீட்டில் இருந்தால் கணக்கு நீள்வது மட்டுமல்ல, வங்கியிலிருந்து போன் வரத் தொடங்கும். அதுவே அரசுக் கல்லூரி என்றால், அல்லது தாசில்தார் அலுவலகம் வழியாக முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் வாங்கி கவுன்சிலிங்கில் சேர்ந்து ஃபீஸ் சலுகை பெற்றால், செலவில் பெரும்பகுதி காணாமல் போகிறது. படிப்பு ஒன்றுதான்; லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது எங்கே, என்ன விலைக்கு வாங்கினோம் என்பது.

ஆரம்பச் சம்பளம் இந்தக் கணக்கை இன்னும் கடுமையாக்குகிறது. 2010-களின் தொடக்கத்தில் பெரிய ஐடி கம்பெனிகள் புதிதாகச் சேரும் இன்ஜினியருக்கு வருடத்துக்கு மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்தன. இன்றும் சாதாரணமாக எடுக்கப்படும் ஃப்ரெஷருக்கு 3.36 லட்சம், 3.6 லட்சம் என்றே ஓடுகிறது. விலைவாசியும் வாடகையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் நிறுவனம் வருடத்துக்கு 2.52 லட்சத்துக்கு ஆள் எடுக்கிறது என்ற செய்தி சமூக ஊடகங்களில் கேலிக்குள்ளானது நினைவிருக்கும். அது இன்ஜினியர்களுக்கு அல்ல, மூன்று வருடப் பட்டம் முடித்தவர்களுக்கு. இன்ஜினியர்களுக்கு 4 லட்சத்திலிருந்து தொடங்குகிறது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. கேலி செய்தவர்கள் கவனிக்காமல் விட்டது அந்த விளக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே கட்டடம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. மூன்று வருடப் பட்டத்துக்கும் நாலு வருடப் பட்டத்துக்கும் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வித்தியாசம்.

கல்லூரிகளின் தரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஊரறிந்த கதை. தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டிப்போன பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை பிறகு இறங்கி 450-க்கும் கீழே வந்தது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை ஆதாரத்தோடு வெளியிட்டது. ஆசிரியரே இல்லாத வகுப்பறைக்கு லட்ச ரூபாய் கொடுத்தவர்களில் பலர் வீட்டில் யாரும் அதற்குமுன் கல்லூரிக்குப் போனதில்லை. விசாரிக்கத் தெரிந்த குடும்பங்கள் அங்கே சேர்ப்பதில்லை.

பட்டம் அதிகம் வேலை செய்யும் இடம் நுழைவாயில் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட அதிகமாக அது வேலை செய்வது பத்து வருடம் கழித்து, மேலே ஏறும்போது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எந்தத் தொழிற்சாலையிலும் ஜிஇடி, டிஇடி என்ற இரண்டு சொற்கள் காதில் விழும். முதலாவது பட்டதாரி ட்ரெய்னி, இரண்டாவது டிப்ளமா ட்ரெய்னி. முதல் வருடத்தில் இருவரும் ஒரே லைனில் நிற்பார்கள். டிப்ளமாக்காரருக்கு மெஷின் நன்றாகத் தெரிந்திருக்கவும் கூடும். சம்பளத்தில் இடைவெளி பெரிதாக இருக்காது. ஆனால் பதவி ஏணி வேறு வேறு. ஒருவர் சூப்பர்வைசரில் போய் முட்டி நிற்கும்போது அவரிடம் தொழில் கற்ற மற்றவர் மேனேஜராகியிருப்பார். அரசிலும் இப்படித்தான்: இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாவது போதும், உதவி ஆய்வாளர் தேர்வு எழுதப் பட்டம் வேண்டும். பேங்க் கிளார்க், குரூப் 2, குரூப் 1, ஐஏஎஸ் எல்லாவற்றுக்கும் ஏதாவதொரு பட்டம் கட்டாயம். எந்தக் கல்லூரி, எத்தனை மார்க் என்று இவற்றில் பெரும்பாலானவை கேட்பதேயில்லை. ஒரு காகிதம், அவ்வளவுதான். அந்த ஒரு காகிதம் இல்லாமல் 32 வயதில் தவிப்பவர்களைப் பார்த்தால் அதன் விலை தெரியும்.

கடல் தாண்டும்போது இது இன்னும் கூர்மையாகிறது. வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளிக்குக் கோடு போடுவது பத்தாம் வகுப்பு. பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு விழும். சிங்கப்பூரில் கோடு பட்டத்தில் இருக்கிறது. கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைக்கு ஒர்க் பர்மிட்டில் போகும் நம் ஊர்க்காரர் எத்தனை வருடம் அங்கே உழைத்தாலும் மனைவி, பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள முடியாது. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர் குறிப்பிட்ட சம்பளத்தைத் தாண்டினால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். 2023 செப்டம்பர் முதல் அந்தப் பாஸுக்குப் புள்ளி முறை வந்துவிட்டது. 40 புள்ளிகள் தேவை. சிறந்த கல்வி நிறுவனம் என்றால் படிப்புக்கு 20, மற்ற பட்டத்துக்கு 10, பட்டம் இல்லையென்றால் பூஜ்யம். மற்ற பிரிவுகளில் புள்ளி எடுத்து அதை ஈடுகட்ட முடியும், ஆனால் கஷ்டம். அமெரிக்காவின் எச்-1பி விசாவும் இளநிலைப் பட்டத்தைத்தான் அடிப்படைத் தகுதியாக வைத்திருக்கிறது. வருமானத்தைப் பற்றிய பேச்சில் இதையெல்லாம் யாரும் சேர்ப்பதில்லை. மாதம் எவ்வளவு என்பதோடு, பிள்ளை வளர்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடியுமா என்பதும் பட்டத்தில் எழுதியிருக்கிறது.

பட்டமே தேவையில்லை என்ற கட்சிக்கு வருவோம். பில் கேட்ஸ், மார்க் ஸக்கர்பெர்க் என்று தொடங்குவார்கள். இருவரும் படிப்பைப் பாதியில் விட்டது உண்மை. எங்கே விட்டார்கள்? ஹார்வர்டில். அதற்குள் நுழைந்ததே ஒரு சான்றிதழ். கேட்ஸின் அப்பா பெரிய வழக்கறிஞர், ஸக்கர்பெர்க்கின் அப்பா பல் மருத்துவர். தோற்றிருந்தால் திரும்பி வந்து படிப்பை முடித்திருப்பார்கள்.

நம் பக்கத்து உதாரணம் இதைவிட நேர்மையானது. ஸோஹோ நிறுவனம் 2004 வாக்கிலிருந்து பிளஸ் டூ, டிப்ளமா முடித்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஃபீஸ் வாங்காமல், கையில் உதவித்தொகையும் கொடுத்து, பயிற்சிக்குப் பின் வேலையிலும் சேர்த்துக்கொள்கிறது. பட்டத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து எடுக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பட்ட மோகத்துக்கு எதிராகப் பல மேடைகளில் பேசியிருக்கிறார். அவர் சென்னை ஐஐடியில் படித்து பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை; கையில் இருப்பவர்களுக்குத்தான் அது தேவையில்லை என்று சொல்லும் தைரியம் வருகிறது. எச்சிஎல் நிறுவனமும் பிளஸ் டூ மாணவர்களை டெக்பீ என்ற திட்டத்தில் எடுக்கிறது. எடுத்தபின் என்ன செய்கிறது தெரியுமா? வேலை பார்த்துக்கொண்டே பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா போன்ற இடங்களில் பட்டம் படிக்க ஏற்பாடு செய்கிறது. பட்டம் இல்லாமல் ஆள் எடுக்கும் கம்பெனியே அதைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறது. இந்தத் திட்டங்களை நல்ல வாய்ப்பு என்றே சொல்வேன். ஆனால் உயர்கல்விக்குப் போகும் லட்சக்கணக்கானவர்களோடு ஒப்பிட்டால் இவற்றில் இருக்கும் இடங்கள் கைப்பிடி அளவு.

பட்டம் வேண்டுமா என்ற கேள்விக்கு, கேட்பது யார் என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைத்தும் அங்கே போகாமல் சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தவர்களை, போனவர்களோடு ஒப்பிட்டார்கள். பின்னாளைய வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. திறமை இருப்பவர் எங்கே படித்தாலும் சம்பாதிக்கிறார். ஒரு விதிவிலக்கு இருந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நல்ல கல்லூரி வருமானத்தைக் கணிசமாகக் கூட்டியது. காரணம் ஊகிக்கக் கூடியதே. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாமா, அப்பாவின் நண்பர், இங்கிலீஷ், பேச்சுப் பழக்கம் என்று பல கதவுகள் உண்டு. பட்டம் அவற்றில் ஒன்று. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இருப்பது அந்த ஒரு கதவு.

தமிழ்நாட்டில் ‘எல்லோருக்கும் எதுக்கு டிகிரி, கைத்தொழில் கத்துக்கட்டும்’ என்று யாராவது சொன்னால் சட்டென்று கோபம் வருவதற்கும் இதுதான் காரணம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றிருந்தது. குலக்கல்வித் திட்டம் என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. எழுபது வருடம் கழித்து அதே வாதம் திரும்பி வந்தது. 18 கைவினைத் தொழில்களுக்கான மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியது. அதை அப்படியே ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு எழுதியது. விண்ணப்பிப்பவரின் குறைந்தபட்ச வயது 18 என்றிருந்ததை 35 ஆக்கச் சொன்னது முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. 18 வயது என்பது கல்லூரிக்குள் நுழையும் வயது. அந்த வயதில் அப்பாவின் தொழிலுக்குக் கடன் கொடுத்தால் பிள்ளை எந்தப் பக்கம் போவான் என்பதுதான் அச்சம். அரசியல் இல்லாமல் இல்லை. ஆனால் தொழில் கல்வியின் சிறப்பைப் பேசுபவர்கள் தங்கள் பிள்ளையை ஐடிஐயில் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்கும் உரிமை இந்த வரலாற்றிலிருந்து வருகிறது.

பெண்கள் விஷயத்தில் இதற்கு இன்னொரு அடுக்கு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டதாரிக்கு 50,000 ரூபாய், தாலிக்குத் தங்கம் என்று கொடுத்துவந்தார்கள். 2022-ல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக்கினார்கள். ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024-ல் வந்தது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குப் போனதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் பட்டம் வாங்கிய பெண் வேலைக்குப் போனால்தான் வருமானக் கணக்கு தொடங்கும். மாப்பிள்ளை வீட்டார் பயோடேட்டாவில் எம்.எஸ்சி. பார்த்துக் கேட்டு, கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே பட்டத்தின் வருமானம் பூஜ்யம், தவறு பட்டத்தினுடையது அல்ல.

இனி நடைமுறை. கல்லூரி விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் ‘அதிகபட்சச் சம்பளம்’ ஒரே ஒரு மாணவரைப் பற்றியது. கேட்க வேண்டியது, பிள்ளை சேரப்போகும் துறையில் கடைசி வருடம் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் எத்தனை பேருக்கு ஆஃபர் லெட்டர் வந்தது, நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்பதுதான். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில். அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. பாதிக்கும் கீழே தேர்ச்சி பெறும் கல்லூரிக்கு லட்சம் லட்சமாகக் கொடுப்பதைவிட அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்து, கூடவே டேலியோ கணக்குத் தணிக்கை வேலையோ கற்பது மேல். நிரப்ப ஆள் தேடி போன் செய்யும் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்வது, மேலே போட்ட கணக்கில் எந்த நாளும் மீளாத வழி.

படிப்பையும் வேலையையும் அடுத்தடுத்து வைப்பதற்குப் பதிலாகப் பின்னிக்கொண்டு போகும் பாதையைப் பலர் யோசிப்பதே இல்லை. பத்தாவது முடித்து ஐடிஐயில் இரண்டு வருடம் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். டிப்ளமா முடித்தவர் பி.இ.யிலும் அப்படியே இரண்டாம் வருடம். 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து புதிய மெஷின்களோடு அரசு மேம்படுத்தியிருப்பதால் பழைய லேத் பட்டறை என்ற எண்ணமும் மாறவேண்டியது. பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பெல் போன்ற இடங்களில் அப்ரண்டிஸாக இருந்துவிட்டு வந்தால் கையில் உதவித்தொகையும் அனுபவமும் இருக்கும். கோவையில் வேலையில் இருக்கும் டிப்ளமாக்காரர்கள் மாலையில் பகுதிநேர பி.இ. படிப்பது நீண்ட காலமாக நடந்துவருவது. இந்தப் பாதையில் பட்டம் 26, 27 வயதில்தான் கைக்கு வரும். கடன் இருக்காது, ஐந்தாறு வருட அனுபவம் இருக்கும், ஏணியில் முட்டும் இடத்தைத் தாண்டவும் காகிதம் இருக்கும். தாமதம் என்று இதை ஒதுக்குகிறவர்கள் கோச்சிங் சென்டரில் கழியும் வருடங்களைத் தாமதமாக எண்ணுவதில்லை.

வேலையில் இருந்துகொண்டு பட்டம் மட்டும் தேவைப்படுகிறவருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் இருக்கின்றன, கட்டணமும் கட்டுப்படியாகும். அரசு வேலைக்காக என்றால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பத்தாவதையும், பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான படிப்பையும் முறையாக முடித்து அதற்குப் பிறகு வாங்கிய பட்டம்தான் செல்லும். பிளஸ் டூ எழுதாமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டத்தோடு சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. பணம் கட்டும் முன்பு டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையில் கல்வித்தகுதி பற்றிய பத்தியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.